ஆம் என்று நான்கு முறை

1996 ஜூன் மாதம் 18ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் ஒன்பது பாகை குளிர். மழை. வானொலியில் ‘இடையிடையே தூறல்’ என்றுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பீட்சாக் கடைக்குக் காரில் பதினான்கு நிமிடம். பதினான்கு நிமிடமும் கண்ணாடி துடைப்பான் ஒரு தடவைகூட ஓயவில்லை. அந்த வானொலிக்காரரில் வந்த கோபம்தான் அன்றைய முதல் கோபம். அன்றைக்கு மொத்தம் ஏழு பேரில் கோபப்பட்டேன். ஆறு பேரை மன்னித்துவிட்டேன். ஏழாவது ஆள் காலையில் நான் முகம் வழிக்கும்போது கண்ணாடிக்குள் வருகிறார். அவரோடு எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை சரியில்லை.

நான் எதையும் எண்ணுகிறவன். இலங்கையில் இருபத்திரண்டு வருடம் நில அளவையாளராக இருந்தேன். மெல்பேர்னுக்கு வந்த பிறகு ஒரு களஞ்சியத்தில் ஆணியும் திருகாணியும் எண்ணுகிற வேலை. (ஊரையே அளந்தவனை ஆணி எண்ண வைச்சிட்டாங்கள் எண்டு சனம் கவலைப்பட்டது. எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஆணி எல்லைச் சண்டைக்கு வராது.) படி ஏறினால் படியை எண்ணுவேன். கூட்டத்துக்குப் போனால் ஆளை எண்ணுவேன். என் மனைவி பரமேஸ்வரி ஒரு பெருமூச்சு விட்டால் அது அன்றைக்கு எத்தனையாவது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எண்ணி வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரே பெயர்தான். அதற்கு எதிர்ப்பக்கம் சைவம்: சமயத்தின் பெயரும் அதுவே, சாப்பாட்டின் பெயரும் அதுவே. ஐந்து தலைமுறை என்று நான் சொல்லாத கலியாண வீடு இல்லை, செத்த வீடும் இல்லை. (ஆறாவது தலைமுறையிலை ஆர் இருந்தவை எண்டு தெரியாது. தெரிஞ்சிருந்தால் அவையையும் சேர்த்திருப்பன்.)

இப்படிப்பட்ட ஒருவனுடைய ஒரே மகள் வதனி, நகரத்தில் மருந்தாளராக வேலை செய்கிறவள், 1995 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேவன் என்ற பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மலேசியத் தமிழர். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, பொறியியலாளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல வேலை, நல்ல உயரம், பணிவான பேச்சு. ஒரே ஒரு குறை. தகப்பனாருக்கு ஈப்போவில் சாப்பாட்டுக் கடை. என்ன சாப்பாடு என்று கேட்டேன். வதனி பெருமையோடு சொன்னாள்: ஆட்டிறைச்சிக் கறிக்குத்தான் சனம் வரிசையில் நிற்குமாம்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொன்னால் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துவிடுவார்கள் என்று களஞ்சியத்தில் ஒருவர் எச்சரித்திருந்தார். ஆகவே ஒரு நிபந்தனை போட்டேன். முந்நூற்று அறுபத்தைந்து நாட்கள் தேவன் மச்சம் தொடக்கூடாது. ஒரு நாள் முறிந்தாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். முடித்தால் கலியாணம். உண்மையைச் சொல்லவேண்டும்: அது நிபந்தனை இல்லை, பொறி. ஒரு ஆட்டுக்கறிக் கடைக்காரரின் மகன் நாற்பது நாளைத் தாண்டமாட்டார் என்று நம்பினேன். பழி அவருடையதாகும், நான் நல்ல அப்பாவாக நின்றுகொள்ளலாம்.

அவர் நாற்பதைத் தாண்டினார். நூற்றைத் தாண்டினார். ஞாயிறுதோறும் தொலைபேசி எடுத்து, “இருநூத்தி அஞ்சு ஆச்சு, அங்கிள்” என்று குசினிச் சுவரில் தொங்கிய என் நாட்காட்டிக்குக் கணக்குக் கொடுப்பார். எனக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போனது. பரமேஸ்வரிக்கும் எரிச்சல்தான், ஆனால் என்னில். மகளுக்காகச் செவ்வாய் விரதம் பிடித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் சொன்னாள்: “அந்தப் பிள்ளையோடை ஒருநாள் இருந்து சாப்பிட்டாவது பாருங்கோவன். பிள்ளையை நாட்காட்டிக்கே கட்டிக் குடுக்கப் போறியள்?”

சரி, சாப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். தமிழ்க் கடைக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். வீட்டுக்குக் கூப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். பீட்சாக் கடை பொதுநிலம். செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றின் விலைக்கு இரண்டு. அன்றைக்குத் தேவனுடைய கணக்கில் இருநூற்று இருபத்தோராவது நாள்.

தேவன் எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். வதனி வேலை முடித்து ரயிலில் நேரே வருவதாக ஏற்பாடு. காருக்குள் நான் சும்மா இருந்திருக்கலாம். குளிராக இருக்கிறதே என்று பரமேஸ்வரி சொல்ல, தேவன், “ஆமா, அன்ரி” என்று சூடாக்கியைக் கூட்டினார். எனக்கு அந்த ‘ஆமா’ காதில் மணல் போட்டதுபோல இருந்தது.

“தம்பி, ‘ஆமா’ எண்டு ஒரு சொல் எந்த இலக்கணத்திலை இருக்கு?” என்று கேட்டேன்.

“தெரியல, அங்கிள். எங்க வீட்ல அப்படித்தான் பேசுவாங்க.”

பிறகு பதினொரு நிமிடம் நான் விளக்கினேன். சரியான சொல் ‘ஆம்’. நாங்கள் ‘ஓம்’ என்கிறோம். அது ‘ஆம்’ என்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரம், ஆகவே மன்னிக்கலாம். ‘ஆமா’ தூரத்து உறவு. சுத்தமாக ‘ஆம்’ என்று சொல்கிற ஒரு மனிதனை நான் இந்த நாட்டில் இன்னும் சந்திக்கவில்லை என்று முடித்தேன். தேவன் “ஆமா, அங்கிள்” என்றார். பரமேஸ்வரி பெருமூச்சு விட்டாள். அன்றைக்கு ஆறாவது.

கடை வாசலில் எங்களை இறக்கிவிட்டுத் தேவன் கார் நிறுத்த இடம் தேடிப் போனார். சிறிய கடை. ஒன்பது மேசைகள், சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, ஒவ்வொரு மேசையிலும் போத்தலில் செருகிய ஒரு மெழுகுதிரி. கதிரைகளில் இரண்டுக்குக் கால் ஆடியது. பரமேஸ்வரியை ஆடாத கதிரையில் இருத்திவிட்டு, சாப்பாடு சொல்ல நான் முன்மேசைக்குப் போனேன்.

அங்கே நின்றவர்தான் முதலாளி. இத்தாலியர், அறுபது வயது இருக்கும், பெரிய மீசை. என் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, “வணக்கம்” என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே கோப்பை கழுவுகிற இரண்டு தமிழ் மாணவர்கள் சொல்லிக்கொடுத்ததாம். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. (எத்தினை தமிழ்ப் பிள்ளையள் எனக்கு ‘ஹாய் அங்கிள்’ எண்டிட்டுப் போகுதுகள்.) பெரிய சைவப் பீட்சா இரண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொப்பியில் எழுதினார். பிறகு பென்சிலைத் தூக்கி, என் முகத்தைப் பார்த்து, மிகத் தெளிவாகக் கேட்டார்:

“ஆம்?”

வாசிக்கிறவர்களில் சிலர் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியது. மாணவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தால் ‘ஓம்’ என்றோ ‘ஆமா’ என்றோ அல்லவா சொல்வார்? இவர் புத்தகம் வைத்துப் படித்திருக்கிறார். பத்து நிமிடம் முன்னே நான் தேடிய மனிதர், மாப்பூசிய ஏப்ரனோடு என் முன்னால் நிற்கிறார்.

“ஆம்,” என்றேன், நிமிர்ந்து நின்று.

அவர் கொஞ்சம் யோசித்தார். திருநீற்றை மறுபடி பார்த்தார். “வெஜிட்டேரியன்… ஆம்?”

“ஆம், ஆம்.”

இரண்டு விரலைக் காட்டினார், இரண்டுக்குமா என்பதுபோல.

“ஆம்,” என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கொப்பியில் நான்கு கோடு போட்டார். நான்கு கோட்டையும் நான் பார்த்தேன். எண்ணினேன். என்ன கோடு என்று மட்டும் கேட்கவில்லை. வாழ்க்கை முழுக்க எண்ணுகிறவர்களுக்கு வருகிற நோய் இது: எத்தனை என்று தெரியும், என்ன என்று தெரியாது.

பீட்சா இரண்டும் இருபத்தாறு நிமிடத்தில் வந்தன. பரமேஸ்வரிக்கு விரதம், தோடம்பழச் சாறு மட்டும். தேவனுக்கு ஒரு லெமனேட். வதனிக்குப் பிடிக்கும் என்று ஒரு உள்ளிப் பாண், பூண்டு தடவிய ரொட்டி. நான் தண்ணீர், அது இலவசம். பீட்சாவைச் சாப்பிடத் தொடங்க முதல் வழக்கம்போலக் கணக்கெடுத்தேன். முதலாவதில் ஒலிவ் பதினொன்று, இரண்டாவதில் ஏழு, அநியாயம். காளான் போதும். பிறகு, தக்காளிக்கும் சீஸுக்கும் இடையில், றோசா நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். முதலாவதில் நாற்பத்தாறு, இரண்டாவதில் முப்பத்தொன்பது. தாராளம் என்று நினைத்தேன். இந்தக் கடையில் இது ஒன்றில்தான் கை இழுப்பில்லை.

“இஞ்சருங்கோ, உதென்ன றோசா நிறத்திலை?” என்றாள் பரமேஸ்வரி.

“சோயா.”

“ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லோணுமே? பாத்தாத் தெரியேல்லையே? சோயாவை அவிச்சு, சாயம் போட்டு, சதுரமா வெட்டியிருக்கிறாங்கள்.”

தேவன் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அங்கிள், இது வந்து…” என்று தொடங்கினார். ‘வந்து’ என்ற சொல்லைத் தேவையில்லாத இடத்தில் போடுகிற பழக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதைச் சொன்னேன். அவர் மறுபடி, “இல்ல அங்கிள், இந்தப் பீட்சாவுல…” என்றார். பீட்சா வரலாறு எனக்குத் தெரியும், அது ஏழைகளின் ரொட்டி என்று அதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே முதல் துண்டை முடித்தேன். மூன்றாவது தடவை அவர் வாய் திறந்தபோது நான் இரண்டாவது துண்டின் பாதியில் நின்று, சோயாவின் புரதம் எத்தனை வீதம் என்று பேசிக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை, “அங்கிள்” என்பதோடு நிறுத்திவிட்டார்.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். அருமையாக இருந்தது. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புகை வாசம், பல்லுக்கு இதமான ஒரு இழுவை. என் ஆயுளில் சாப்பிட்ட சோயாக்களில் அதுதான் முதல் தரம். எந்தக் கடையில் வாங்குகிறான் என்று விசாரித்து ஒரு கிலோ வாங்கவேண்டும் என்று பரமேஸ்வரியிடம் சொன்னேன். ஐந்து துண்டு சாப்பிட்டேன்.

ஐந்தாவதைக் கையில் எடுக்கும்போதுதான் தேவனுடைய தட்டைப் பார்த்தேன். அவர் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, முள்ளுக்கரண்டியால் றோசாச் சதுரங்களை ஒவ்வொன்றாகக் கிளப்பித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஆறு சதுரம். எனக்கு ஏறியது. இதோ, பிடிபட்டுவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம். இருநூற்று இருபத்தொரு நாளும் காட்டிய பணிவு எல்லாம் வேஷம். ஆட்டிறைச்சியில் வளர்ந்த நாக்கு, சோயாவைக் கண்டதும் தள்ளுகிறது.

“தம்பி, எங்கடை வீட்டிலை சாப்பாட்டை ஒதுக்கிற பழக்கம் இல்லை,” என்றேன். “சைவச் சாப்பாட்டை ஒதுக்கிறவருக்கு என்னெண்டு என்ரை பிள்ளையைத் தாறது?”

தேவன் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார். வதனி வந்துவிட்டாளா என்று வாசலையும் பார்த்தார். பிறகு ஒதுக்கிய ஆறையும் எடுத்துத் திரும்பப் பீட்சாவின் மேல் வைத்து, அந்தத் துண்டைச் சாப்பிட்டார். போதாது என்று இன்னொரு துண்டை நானே அவர் தட்டில் வைத்தேன். அதையும் சாப்பிட்டார். மருந்து குடிக்கிற முகம். நான் வெற்றிகரமாகத் தண்ணீர் குடித்தேன்.

இந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கலாம். நானும் ஐந்து தலைமுறைப் பெருமையோடு வீட்டுக்குப் போய், இன்றைக்கு வரைக்கும் நல்ல சைவனாக இருந்திருக்கலாம். என்னைக் கெடுத்தது என் எண்ணிக்கைதான். காசு கொடுக்க முன்மேசைக்குப் போனேன். மனதுக்குள் கூட்டி வைத்திருந்த தொகை இருபத்தொரு டொலர். கணக்குத் துண்டில் எழுதியிருந்தது இருபத்தேழு டொலர் நாற்பது சதம். ஆறு டொலர் நாற்பது சதம் எங்கிருந்து வந்தது? துண்டைத் தூரப் பிடித்து வாசித்தேன். ‘எக்ஸ்ட்ரா ஹாம், நான்கு.’

ஹாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பன்றித் தொடை. ஆனால் பன்றி என்ற எண்ணமே அப்போது எனக்கு வரவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டும். வந்தது ஆறு டொலர் நாற்பது என்ற எண்ணம். வாங்காத சாமானுக்குக் காசு. வேறு மேசைக் கணக்கை என் தலையில் கட்டுகிறார்கள். ஆள் கறுப்பு, வயது போனவன், பார்க்கமாட்டான் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் சத்தம் போட்டேன். ஆங்கிலத்தில், ஐந்து நிமிடம். என் மேசையில் ஹாம் இல்லை, இருந்ததில்லை, இருக்கப்போவதுமில்லை என்றேன். ஐந்து தலைமுறையையும் சொன்னேன். கடையில் எங்களைத் தவிர இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முதலாளி முதலில் அமைதியாகத்தான் இருந்தார். தன் நான்கு கோட்டைக் காட்டினார்.

“ஐ ஆஸ்க், ஆம்? யூ சே, ஆம். யூ சே ஃபோர் டைம்.”

அவர் காட்டிய கோடுகளை மறுபடி எண்ணினேன், நான்குதான். இருந்தாலும் வாதத்தை விடமுடியுமா? “ஆம் என்றால் எங்கள் மொழியில் யெஸ்,” என்று விளக்கினேன்.

“யெஸ்,” என்றார் அவர். “யூ சே ஆம். யூ சே யெஸ். ஓகே?”

என் வழக்கை நானே முடித்துக் கொடுத்துவிட்டேன். அவருடைய ஊர்ப் பேச்சில் ஹகரம் கிடையாது. ஹோட்டல் அவருக்கு ஓட்டல், ஹாம் அவருக்கு ஆம். என் தமிழ் ஆசிரியர்களே, எத்தனை பிரம்படி தந்து எனக்கு அந்தச் சொல்லைச் சுத்தமாகச் சொல்லப் பழக்கினீர்கள்.

ஆனாலும் நான் கடைசியாக ஒரு தடவை நிமிர்ந்து நின்று, என் மேசையில் ஹாம் எங்கே, காட்டு என்றேன். அவர் முன்மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். எங்கள் மேசைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். தட்டில் மிஞ்சிக் கிடந்த துண்டிலிருந்து ஒரு றோசாச் சதுரத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி எடுத்து, என் கண்ணுக்கு நேரே, மெழுகுதிரி வெளிச்சத்தில் பிடித்தார்.

“திஸ். ஆம்.”

அதே நேரத்தில் கதவு திறந்தது. குடையைச் சுருக்கிக்கொண்டு வதனி வந்தாள். மேசையைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள்.

“அப்பா, வை ஆர் யூ ஈட்டிங் ஹாம்?”

நான் இருந்தேன். கால் ஆடுகிற கதிரையில்தான் இருந்தேன். என் மூளை தன்னுடைய ஒரே தொழிலைச் செய்தது. இரண்டிலும் சேர்த்து எண்பத்தைந்து. தட்டில் மிச்சம் முப்பத்தொன்று. தேவன் சாப்பிட்டது பதினொன்று. ஆகவே எனக்குள்ளே நாற்பத்து மூன்று.

அவமானப்பட்ட மனிதன் அடுத்ததாக யாரைக் கடிக்கலாம் என்றுதான் பார்ப்பான். நான் தேவனைப் பார்த்தேன்.

“உமக்குத் தெரியுமோ?”

“ஆமா, அங்கிள்.”

“தெரிஞ்சுகொண்டே ஏன் சாப்பிட்டனீர்?”

“நீங்கதானே சாப்பிடச் சொன்னீங்க.”

“ஏன் சொல்லேல்லை?”

“நாலு வாட்டி ஆரம்பிச்சேன், அங்கிள். அதுக்குள்ள நீங்க ரெண்டு துண்டு முடிச்சிட்டீங்க. அப்புறம் சொன்னா உங்களுக்கு ரொம்ப மனசு கஷ்டமாயிரும்னு தோணிச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் ஏற்கெனவே சாப்பிட்டு வளந்தவன். எனக்குப் புதுசு இல்ல. உங்களுக்குத்தான் புதுசு.”

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் எழும்பி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பான். நான் என்ன செய்தேன் என்று எழுத எனக்கு இன்றைக்கும் கை கூசுகிறது. விரலை நீட்டினேன்.

“இருநூற்றி இருபத்தொரு நாள். எல்லாம் போச்சு. நாளைக்கு ஒண்டிலை இருந்து தொடங்கும்.”

“சரி, அங்கிள்,” என்றார் தேவன். அவ்வளவுதான். வாதாடவில்லை. வதனி நனைந்த கோட்டோடு அவர் பக்கத்தில் இருந்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. முதலாளி இன்னும் கரண்டியோடு நின்றார்.

பரமேஸ்வரி தோடம்பழச் சாற்றைத் தள்ளி வைத்தாள். “அப்ப நீங்கள்?” என்று கேட்டாள்.

“நான் என்ன?”

“நீங்களும் ஒண்டிலை இருந்துதானே? ஐம்பத்தெட்டு வருசமும் போச்சு. முந்நூற்றி அறுபத்தைஞ்சு நாளும் முடியுமட்டும் என்ரை சாமியறைப் பக்கம் வரப்படாது.”

“நான் தெரியாமல் சாப்பிட்டனான்.”

“அந்தப் பிள்ளை தெரிஞ்சு சாப்பிட்டது. உங்கடை வாய்க்குப் பயந்து. ஆருக்குப் பாவம் கூட?”

நான் என் தொழிலைத் துணைக்கு அழைத்தேன். நில அளவையில் அனுமதிக்கப்பட்ட பிழை என்று ஒன்று உண்டு. நிலம் அளக்கிற சங்கிலி வெயிலில் நீளும், அதற்கு ஒரு கழிவு கொடுப்போம். அறியாமல் வந்த பிழையை அப்படித்தான் பார்க்கவேண்டும் என்றேன்.

“ஓகோ,” என்றாள் பரமேஸ்வரி. “உங்கடை பிழை அளவைப் பிழை. அந்தப் பிள்ளையின்ரை பிழை களவோ?”

முப்பத்தோரு வருட மணவாழ்வில் அவள் என்னை இவ்வளவு சின்ன வசனத்தால் அடித்ததில்லை. நான் மேசை விரிப்பைக் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கட்டங்களை எண்ணப் பார்த்தேன். எட்டுக்கு மேல் போகமுடியவில்லை. திரும்பத் திரும்ப எண்ணினேன், திரும்பத் திரும்பக் குழம்பியது. அந்தப் பிள்ளை இருநூற்று இருபத்தொரு நாள் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு கோழிக்கால்கூடக் கடிக்காமல் இருந்திருக்கிறார். என்னைச் சபையில் வெட்கப்படுத்தாமல் இருப்பதற்காக அதை ஒரு நிமிடத்தில் விழுங்கிவிட்டார். நானோ ஆறு டொலர் நாற்பதுக்காகச் சபையையே கூட்டியவன்.

“எண்ண வேண்டாம், தம்பி,” என்றேன்.

என் வாயில் அந்தச் சொற்கள் அதற்கு முன் வந்ததில்லை. தேவனுக்கு விளங்கவில்லை. “நாளைக்கு எத்தனைன்னு போடட்டும், அங்கிள்?” என்று கேட்டார்.

“ஒண்டும் போட வேண்டாம். நாட்காட்டியைக் கழட்டிப் போடுறன்.”

வதனி திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “அப்பா, இஸ் தட் எ யெஸ்?”

ஆம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி கரண்டியை வைத்துவிட்டுப் பென்சிலோடு பக்கத்தில் நின்றார். பயத்தில் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் அந்த ஆறு டொலர் நாற்பதைக் கழித்துவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர். பரமேஸ்வரி விடவில்லை: “திண்டதுக்குக் காசைக் குடுங்கோ.” முழுதாகக் கொடுத்தேன். அன்றிரவு பல் விளக்கிய தூரிகையையும் பற்பசையையும் குப்பையில் போட்டுவிட்டு மறுநாள் புதிது வாங்கினேன். வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு அருச்சனை செய்வித்தேன். என்ன வேண்டுதல் என்று ஐயர் கேட்டார். பொது நன்மை என்றேன்.

கலியாணம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஈப்போவிலிருந்து வந்த சம்பந்தி, ஆட்டுக்கறிக்குப் பேர்போன அந்த மனிதர், நூற்று எண்பது பேருக்குச் சைவச் சாப்பாட்டைத் தானே நின்று சமைத்தார். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். தேவன் அழைத்திருந்தார் என்று பீட்சாக் கடை முதலாளியும் கோட்டு அணிந்து வந்திருந்தார். பந்தியில் எனக்கு நேரெதிரே இருந்து, வாழையிலையைக் காட்டி, மீசைக்குள் சிரித்துக்கொண்டு, “ஆம்?” என்றார். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, “இல்லை,” என்றேன்.

பதின்மூன்று வருடமாகிறது. தேவன் இப்போது என்ன சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணுவதில்லை. மற்றதெல்லாவற்றையும் எண்ணுகிறேன். வீட்டில் நான் தப்பித்தவறி ‘ஆம்’ என்று சொன்னால் குற்றக்காசு. ஒரு ஆமுக்கு ஒரு டொலர் அறுபது, கடைக்காரர் போட்ட அதே விலை. வசூலிப்பது வதனியின் மகள், பதினொரு வயது. “அம்மப்பா, தட்ஸ் ஒன் சிக்ஸ்டி” என்று கையை நீட்டுவாள். இதுவரைக்கும் முப்பத்தேழு ஆம். அவளுக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவாக வராது. ஆனால் அந்த இரண்டு எழுத்தும் எங்கே இருந்தாலும் தெரியும். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றவள், முதல் வரியில் ‘18ஆம் திகதி’ என்று இருந்ததில் விரலை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கொடுத்தேன். மிச்சப் பக்கங்களை ஒளித்து வைத்திருக்கிறேன்.

கலியாணச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று பரமேஸ்வரி சொல்லிவிட்டாள். ஆகவே சாப்பாடு இருபத்தேழு டொலர் நாற்பது சதம், தூரிகையும் பசையும் நான்கு முப்பத்தைந்து, அருச்சனை இருபத்தொன்று, பேத்திக்குக் கட்டிய பழைய குற்றக்காசு ஐம்பத்தொன்பது இருபது, இன்றைக்குக் கட்டியது ஒன்று அறுபது. எல்லாமாக நூற்றுப் பதின்மூன்று டொலர் ஐம்பத்தைந்து சதம்.